நண்டைத் திருப்பி அனுப்பும் ஓட்டல்

பேங்க் மேனேஜர் ஒருவரிடம் போய் இப்படி ஒரு திட்டத்தைச் சொல்லிப் பாருங்கள்.

'சார், கடற்கரையில் ஒரு ஓட்டல் வைக்கப் போகிறேன். வருஷத்தில் ஐந்து மாதம் பூட்டிவிடுவேன். டேபிளை முன்பதிவு செய்ய முடியாது, எத்தனை பெரிய மனிதர் வந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். முக்கியமான ஐட்டம் ஒன்றே ஒன்று. அதையும் சூடாகத் தரமாட்டேன், ஆறவைத்து ஜில்லென்றுதான் தருவேன். மூலப்பொருள் நண்டு. ஆனால் முழு நண்டை எடுக்க மாட்டோம். கையை மட்டும் ஒடித்துக்கொண்டு மிச்சத்தைக் கடலிலேயே போட்டுவிடுவோம். லோன் எவ்வளவு கிடைக்கும்?'

லோனை விடுங்கள். ஒரு டீ கூடக் கிடைக்காது.

ஆனால் ஏறக்குறைய இதே விதிகளோடு ஒரு ஓட்டல் நூறு வருஷத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில், ஃபுளோரிடா மாநிலத்தில், மியாமி பீச்சின் தெற்கு முனையில். பெயர் ஜோஸ் ஸ்டோன் கிராப். ஒரே குடும்பத்தின் நான்காவது தலைமுறை வரைக்கும் கைமாறி வந்திருக்கிறது. தனி ஓட்டல்களில் அமெரிக்காவிலேயே அதிகம் கல்லா கட்டுகிறவற்றின் வரிசையில் வருஷா வருஷம் இடம் பிடிக்கிறது.

எப்படி? அதற்கு முதலில் ஒரு ஆஸ்துமா நோயாளியைச் சந்திக்க வேண்டும்.

ஜோ வைஸ், ஹங்கேரியில் பிறந்த யூதர். பிழைப்பு தேடி அமெரிக்கா வந்து, நியூயார்க்கில் ஓட்டல்களில் சர்வராக வேலை பார்த்தவர். நியூயார்க் குளிர் மூச்சை அடைத்தது. ஊரை மாற்று, இல்லாவிட்டால் கஷ்டம் என்றார்கள் டாக்டர்கள். கையில் காசு இல்லை. இருந்தது ஒரு இன்ஷூரன்ஸ் பாலிசி. அதன் பேரில் 50 டாலர் கடன் வாங்கிக்கொண்டு, மனைவி ஜென்னியையும் சின்னப் பையன் ஜெஸ்ஸியையும் நியூயார்க்கிலேயே விட்டுவிட்டு, 1913-ல் மியாமி வந்து இறங்கினார். அங்கேயும் மூச்சு சரியாக வரவில்லை. படகேறி எதிரே இருந்த மணல்திட்டுக்குப் போனார். அங்கே மூச்சு வந்தது. அவ்வளவுதான். இடம் தேர்வு செய்தது மார்க்கெட் சர்வே இல்லை, நுரையீரல்!

அன்றைக்கு மியாமி பீச் என்று ஒரு ஊரே கிடையாது. சதுப்பு நிலக் காடு, மணல், கொசு. அந்த வருஷம்தான் மியாமியிலிருந்து அந்தத் திட்டுக்கு மரப்பாலம் போட்டிருந்தார்கள். நகரம் என்ற அந்தஸ்து கிடைத்தது 1915-ல். கடலில் குளிக்க வருகிறவர்கள் உடை மாற்றிக்கொள்ளவும் இளைப்பாறவும் 'கேஸினோ' என்ற பெயரில் சில கட்டடங்கள் இருந்தன. சூதாட்ட கேஸினோ இல்லை, குளிப்பதற்கானது. அதில் ஒன்றில் ஜோ சின்னதாக ஒரு மதிய உணவுக் கடை போட்டார். குளித்துவிட்டுப் பசியோடு வருகிற கூட்டம். பொரித்த மீன் நன்றாகவே போயிற்று.

மனைவியும் மகனும் வந்து சேர்ந்தார்கள். 1918-ல் பக்கத்திலேயே ஒரு சின்ன வீட்டை வாங்கினார். பின்கட்டில் குடும்பம், முன்திண்ணையில் ஏழெட்டு டேபிள். ஜோ சமையல். தட்டு ஏந்திப் பரிமாறியது ஜென்னி. இந்தக் காட்சியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு வழக்கு வரப்போகிறது.

அதுவரை நண்டு பேச்சே இல்லை. நண்டு வந்தது 1921-ல். ஜேம்ஸ் அலிசன் என்ற பணக்காரர் மியாமி பீச்சில் ஒரு மீன் காட்சியகம் கட்டிக்கொண்டிருந்தார். அது சம்பந்தமாக ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த மீனியல் நிபுணர் ஒருவர், ஜோவின் கடையில் சாப்பிடுகிறவர். ஒருநாள் சாக்கு நிறைய உயிர் நண்டுகளோடு வந்து, இதை ஏன் நீ சமைப்பதில்லை என்று கேட்டார். ஜோவுக்கு நம்பிக்கை இல்லை. இதை யார் தின்பார்கள் என்றாராம். கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பார்த்தார்கள். என்னவோ மருந்து வாடை. அயோடின் மாதிரி. பிறகு வேகவைத்து, ஜில்லென்று குளிரவைத்துப் பார்த்தபோது வாடை போய்விட்டது, ருசி நின்றது. இப்படித்தான் குடும்பம் அந்தக் கதையைச் சொல்கிறது.

இந்த நண்டை உலகத்திலேயே முதலில் தின்றது மியாமி பீச்தான் என்று நினைத்துவிட வேண்டாம். தெற்குக் கடலோரத்து மீனவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சமாசாரம்தான். ஜோ செய்தது, அதற்கு ஒரு தட்டும் ஒரு விலையும் வைத்தது. உடைத்த நண்டுக் கை, தொட்டுக்கொள்ளக் கடுகு சாஸ், பக்கத்தில் வறுத்த உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் சாலட். ஆரம்பத்தில் நாலைந்து நண்டு 75 சென்ட், உருளைக்கிழங்கு 25 சென்ட். விலைதான் ஏறியது. ஜோடி சேர்க்கை இன்றைக்கும் அதேதான்.

இப்போது நண்டைப் பற்றிக் கொஞ்சம். ஸ்டோன் கிராப், அதாவது கல் நண்டு. பேருக்கேற்ற ஓடு. சுத்தியல் இல்லாமல் வேலை நடக்காது. உடம்பில் சதை ரொம்பக் கம்மி, இருப்பதெல்லாம் அந்த இரண்டு பெரிய கொடுக்குகளில்தான். எதிரி கொடுக்கைப் பிடித்தால், அதைத் தானே கழற்றிவிட்டுத் தப்பி ஓடுவது இந்த நண்டின் வழக்கம். ஓடு கழற்றிக் கழற்றி வளரும்போது புதுக் கொடுக்கும் முளைக்கும். பல்லி வால் மாதிரி.

ஃபுளோரிடா சட்டம் இந்த வித்தையின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. முழு நண்டைக் கரைக்குக் கொண்டுவரக் கூடாது. கொடுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு நண்டைத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். முட்டை சுமக்கிற பெண் நண்டைத் தொடக் கூடாது. கொடுக்கு குறிப்பிட்ட நீளத்துக்குக் குறைந்தால் எடுக்கக் கூடாது. அக்டோபர் 15-க்கு முன்னால் அறுவடை கிடையாது. எடுத்த கொடுக்கைக் கரைக்கு வந்ததுமே வேகவைத்தாக வேண்டும். பச்சையாகக் குளிரில் வைத்தால் சதை ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆக, ஜில்லென்று பரிமாறுவது ஸ்டைலுக்காக இல்லை. பண்டம் அப்படித்தான் வந்து சேர்கிறது.

நண்டு சீசன் அக்டோபரில் தொடங்கி மே மாதம் முடியும். வடக்கே பனி கொட்டும்போது பணக்காரர்கள் வெயில் தேடி மியாமிக்கு வருகிற சீசனும் அதேதான். கோடையில் நண்டும் இல்லை, ஆளும் இல்லை. அப்புறம் ஓட்டலைத் திறந்து வைத்து ஈ ஓட்டுவதா? மூடு கடையை. பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்த அந்த ஐந்து மாதப் பூட்டு, உண்மையில் நல்ல காஸ்ட் அக்கவுண்டிங். அதோடு ஏக்கம் என்று ஒன்று இருக்கிறதே! மே மாதத்தில் மூடினால் அக்டோபரில் திறக்கும்போது வாசலில் திருவிழாக் கூட்டம். சமீப வருஷங்களில் அந்த விடுமுறையைச் சுருக்கியிருக்கிறார்கள். அக்டோபர் கூட்டம் மட்டும் குறையவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தர் அல் கபோன். சிகாகோ தாதா. 1928-ல் மியாமி பீச்சை ஒட்டிய பாம் தீவில் வீடு வாங்கியவர். ஓட்டலுக்கு 'அல் பிரவுன்' என்ற பெயரில் வருவாராம். ஜென்னிக்குப் பூங்கொத்து கூட அனுப்பினார் என்பது குடும்பத்தில் உலவும் கதை. தாதாவைப் பிடிக்கிற எஃப்.பி.ஐ.யின் தலைவர் எட்கர் ஹூவரும் பிற்காலத்தில் இங்கே வாடிக்கையாளர். ஜேம்ஸ் பாண்ட் கூட விட்டுவைக்கவில்லை. 1959-ல் வந்த 'கோல்டு ஃபிங்கர்' நாவலில் பாண்ட் மியாமியில் உட்கார்ந்து இந்த நண்டைத்தான் ஒரு பிடி பிடிக்கிறார். கூட்டம் ஏறியபோதும் முன்பதிவு வைக்காமல் பல பத்தாண்டுகள் ஓட்டினார்கள். நிற்கிற வரிசையே விளம்பரம்.

இந்தப் பளபளப்புக்கு நடுவில், சுற்றுலாப் புத்தகங்கள் சுருக்கமாகத் தாண்டிப் போகிற ஒரு விஷயம் உண்டு. ஜோவின் கடை ஏன் தெற்கு முனையில் இருந்தது? ஊரை உருவாக்கிய ரியல் எஸ்டேட் முதலாளிகளில் முக்கியமானவரான கார்ல் ஃபிஷர், தன் மனைகளை யூதர்களுக்கு விற்பதில்லை என்று வைத்திருந்தார். பத்திரத்திலேயே நிபந்தனை எழுதினார்கள். லம்மஸ் சகோதரர்கள் வசம் இருந்த தெற்குப் பகுதியில் அந்தக் கெடுபிடி இல்லை. ஐந்தாவது தெரு எல்லைக்கோடு ஆயிற்று. கோட்டுக்குத் தெற்கே யூதர்கள் நிலம் வாங்கலாம். வடக்கே பல ஓட்டல்களில் யூதர்களுக்கு அறை கிடையாது என்று வெளிப்படையாகவே விளம்பரம் செய்தார்கள். கறுப்பர்கள் நிலைமை இன்னும் மோசம். ஊரைக் கட்டியதும் துடைத்ததும் அவர்கள்தான். ஆனால் வேலைக்கு வரவே போலீஸ் அடையாள அட்டை காட்ட வேண்டும். பொழுது சாய்ந்தால் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், ஐந்தாவது தெருவுக்கு வடக்கே யூதர்களுக்கு இடமில்லை என்று சொன்ன அதே சீமான்கள், கோட்டைத் தாண்டித் தெற்கே வந்து ஒரு யூதர் கடையில் காத்திருந்து சாப்பிட்டார்கள். இன்னொரு வேடிக்கை, நண்டு யூத மதத்தில் விலக்கப்பட்ட உணவு. வயிற்றுப்பாடு எல்லாக் கோட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும் போலிருக்கிறது.

சட்டம் வர நாளாயிற்று. இப்படிப்பட்ட பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948-ல் சொன்னது. மறு வருஷம் மியாமி பீச்சில் பாகுபாடு காட்டும் விளம்பரங்களுக்குத் தடை வந்தது. இன்றைக்கு ஜோஸ் ஓட்டல் இருக்கிற அதே வாஷிங்டன் அவென்யூவில், சில தெருக்கள் தள்ளி, பழைய யூத வழிபாட்டுக்கூடம் ஒன்று மியூசியமாக நிற்கிறது. அதில் இந்தக் கதையெல்லாம் இருக்கிறது.

ஜோவுக்குப் பிறகு மகன் ஜெஸ்ஸி. குதிரை ரேஸ் பிரியர், வாசலில் நின்று எல்லாரையும் பேர் சொல்லி வரவேற்கிற ரகம். 1994-ல் இறந்தார். அதற்கு முன்பே பொறுப்பு அவர் மகள் ஜோ ஆன் கைக்கு வந்துவிட்டது. அவர் மகன் ஸ்டீபன் சாவிட்ஸ் நான்காவது தலைமுறை. குடும்ப பிசினஸ் மூன்றாவது தலைமுறையில் கவிழும் என்பார்கள். இங்கே மூன்றாவது தலைமுறை ஒரு பெண், அவர் காலத்தில்தான் 1998-ல் அமெரிக்காவின் கௌரவமான ஜேம்ஸ் பியர்டு விருதும் வந்தது.

அவர்கள் மெனுவில் எனக்கு ரொம்பப் பிடித்த வரி நண்டு இல்லை, கோழி. நண்டுக் கொடுக்கு அன்றைய மார்க்கெட் விலை, சாமானியன் கை வைக்க முடியாது. அதே மெனுவில் அரைக்கோழி வறுவலைப் பல வருஷங்கள் ஏழு டாலருக்குள்ளேயே வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் இங்கே சாப்பிட ஒன்று இருக்க வேண்டும் என்பது கணக்கு. நண்டு லாபத்தைக் கொடுத்தது. கோழி, ஊரோடு உறவைக் கொடுத்தது.

இப்படிப்பட்ட ஓட்டலின் மேல்தான் 1990-களில் அந்த வழக்கு விழுந்தது.

ஜோஸில் சர்வர் வேலை என்றால் சும்மா இல்லை. கறுப்பு கோட், போ டை. சீசனுக்கு ஏழு மாத வேலை, யூனியன் ஒப்பந்தம், கொழுத்த டிப்ஸ். ஒவ்வொரு அக்டோபரிலும் ஒரு நாள் ஆள் எடுப்பார்கள். வேலை தேடுகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். தலைமை சர்வர் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். எழுதிவைத்த விதி எதுவும் இல்லை. 1986 முதல் 1990 வரை எடுக்கப்பட்ட புது சர்வர்கள் 108 பேர். அதில் பெண்கள்? பூஜ்யம்.

வேலைவாய்ப்பில் பாகுபாட்டைக் கவனிக்கும் அமெரிக்க அரசு கமிஷன் 1991-ல் புகார் பதிவு செய்தது. 1993-ல் வழக்குப் போட்டது. பெண்களை எடுக்காதே என்று யாரும் உத்தரவு போட்டதாக இல்லை. ஐரோப்பியப் பழைய சம்பிரதாயப்படி, உயர்தர ஓட்டலில் பரிமாறுவது ஆண்களின் வேலை என்று ஒரு நினைப்பு. அது காற்றில் இருந்தது. கல்லாவிலும் சலவையிலும் பெண்கள் இருந்தார்கள். அவ்வளவு ஏன், முதலாளியே பெண்தான்! ஆனால் ஜோஸில் பெண்களை எடுக்க மாட்டார்கள் என்று ஊருக்கே தெரிந்திருந்ததால், பெண்கள் விண்ணப்பிக்கவே வரவில்லை. விண்ணப்பிக்காததால் எடுக்கவில்லை என்றது ஓட்டல். எப்படி இருக்கிறது சுற்று?

1997-ல் தீர்ப்பு ஓட்டலுக்கு எதிராக வந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-ல் அதைத் திருப்பி அனுப்பியது. பாகுபாடு இல்லை என்பதற்காக இல்லை. தற்செயலாக நடந்ததா, தெரிந்தே நடந்ததா என்று சரியாகப் பாருங்கள் என்றது. மறுபடி விசாரித்து, தெரிந்தே நடந்தது என்ற முடிவுக்கு வந்தார்கள். 2002-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த முடிவை அடிப்படையில் ஏற்றுக்கொண்டது. புகார் வந்த பிறகு நிலைமை மாறியது என்பதையும் சொல்ல வேண்டும். 1991 முதல் 1995 வரை எடுத்த 88 சர்வர்களில் 19 பேர் பெண்கள்.

முன்திண்ணையில் தட்டு ஏந்தி நின்ற ஜென்னி, 1980-களின் கடைசியில் வேலை கேட்டு அந்த வரிசையில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஐந்தாவது தெருவில் அடுத்தவன் கிழித்த கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பிழைத்த குடும்பம், தன் வாசலில் ஒரு கோடு இருப்பதைக் கவனிக்கவில்லை. கவனிக்க அவசியப்படவில்லை என்றும் சொல்லலாம். பாரம்பரியம் என்ற சொல்லின் வசதி அது. ருசியையும் அதற்குள் வைக்கலாம். மற்றதையும் அதற்குள் ஒளிக்கலாம்.

சரி, நண்டுக்கு வருவோம். அங்கேயும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது.

கொடுக்கை எடுத்துவிட்டு நண்டைத் திருப்பி அனுப்புகிறோம், அது மறுபடி வளர்த்துக்கொள்ளும், யாருக்கும் நஷ்டமில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1970-களிலேயே ஆராய்ச்சியாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். ஒரு கொடுக்கு இழந்த நண்டுகளில் 28 சதவிகிதம் செத்துப்போயின. இரண்டையும் இழந்தவற்றில் 47 சதவிகிதம். ஒடிக்கிற கை பழகாத கை என்றால், மூட்டில் இல்லாமல் சதையில் ஒடித்தால், சாவு இன்னும் அதிகம். பிழைத்த நண்டும் உடனே பழையபடி ஆகிவிடாது. புதுக் கொடுக்கு, வெட்டுகிற அளவுக்கு வளர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை இரையை உடைக்கவும் எதிரியை விரட்டவும் ஆயுதம் பாதிதான். இரண்டு கொடுக்கையும் எடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. எடுத்தால் நண்டு பட்டினியோடு போராட வேண்டும்.

பிடிபடும் அளவு 1990-களின் கடைசியிலிருந்தே சரியத் தொடங்கியது. மாநில அரசு 2020-ல் விதிகளை இறுக்கியது. எடுக்கக்கூடிய கொடுக்கின் குறைந்தபட்ச நீளம் இரண்டே முக்கால் அங்குலமாக இருந்தது, அரைக்கால் அங்குலம் கூட்டினார்கள். மே 15 வரை இருந்த சீசனை மே 1-ஆம் தேதியோடு முடித்தார்கள். சின்ன நண்டு தப்பித்துப் போக, பொறிப்பெட்டியில் வளையம் வைக்கச் சொன்னார்கள்.

அரைக்கால் அங்குலம், இரண்டு வாரம். பெரிய தியாகமாகத் தெரியாது. ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும், சீசனில் இரண்டு வாரம் என்றால் எத்தனை டேபிள் என்று. படகுக்காரருக்குத் தெரியும், அளவுகோலில் மயிரிழை குறைந்து திரும்பக் கடலில் போடுகிற கொடுக்குகள் எத்தனை என்று. நம் கடலோரத்தில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வலை உலர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதற்கிடையில் குடும்பம் மியாமியைத் தாண்டியும் போனது. சிகாகோ நிறுவனம் ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து 2000-ல் சிகாகோவிலும், 2004-ல் லாஸ் வேகஸிலும், 2014-ல் வாஷிங்டனிலும் கிளைகள். அங்கே மெனுவில் ஸ்டேக்கும் பெரிய எழுத்தில் இருக்கிறது. ஒற்றைப் பண்டத்தை நம்பி நாலு ஊரில் கடை விரிக்க முடியாது என்று குடும்பத்துக்குத் தெரிந்திருக்கிறது. நண்டு எத்தனை கோடி கொடுத்தாலும் ஓவர்டைம் செய்யாது.

ஜோவின் கொள்ளுப்பேரன் கையில் இருப்பது ஒரு விசித்திரமான சொத்து. கட்டடம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, வாசலில் வரிசை இருக்கிறது. ஆனால் முக்கியமான முதலீடு எதுவும் பேலன்ஸ் ஷீட்டில் இல்லை. ஒற்றைக் கொடுக்கோடு, சில சமயம் அதுவும் இல்லாமல், அது மெக்ஸிகோ வளைகுடாவின் அடியில் எங்கோ ஊர்ந்துகொண்டிருக்கிறது. அடுத்த அக்டோபர் 15-ஆம் தேதி பொறிப்பெட்டியைத் தூக்கும்போது அது பிழைத்திருந்தால்தான் கடை.